இரண்டு தடவை போட்டால் கணக்கு சரியாகிவிடுமா?

நம் சங்கத்து அங்கத்தினர்களின் குடும்பங்களில் கம்ப்யூட்டர் துறையில் ஒருவராவது இல்லாத வீடு இன்று அபூர்வம். பிள்ளையோ, மாட்டுப்பெண்ணோ, பேத்தியோ யாராவது ஒருவர் புரோகிராம் எழுதுகிறார். அல்லது பிறர் எழுதியதைச் சோதிக்கிறார். எழுதுவதைவிடச் சோதிப்பது ஒரு படி மட்டமான வேலை என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. "பையன் டெஸ்டிங்கில்தான் இருக்கிறான்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லும் பெற்றோர்களை நான் கல்யாண வீடுகளில் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணம் சரியல்ல என்பதைக் கணித சரித்திரத்தைக் கொண்டே காட்டலாம் என்றுதான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் என்ற பெயர் உலகில் பரவலானது 1968ஆம் வருஷம் ஜெர்மனியில் கார்மிஷ் என்ற ஊரில் நடந்த ஒரு மாநாட்டுக்குப் பிறகு. ஆனால் அத்துறையின் மூலாதாரமான கேள்வி அதைவிடப் பல நூற்றாண்டுகள் பழையது. நாம் போட்ட கணக்கு சரி என்று நமக்கு எப்படித் தெரியும்? "இன்னொரு தடவை போட்டுப் பார்" என்பதுதான் பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்த பதில். அந்தப் பதில் பாதிதான் சரி. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள உலகம் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல.

சீன தேசத்து அட்டவணை

நான் பௌதிகம் படித்த நாட்களில் லேபுக்குப் போகும்போது கிளார்க் டேபிள்ஸ் கையில் இல்லாமல் போக முடியாது. பெரிய பெருக்கல், வகுத்தல் எல்லாம் லாகரிதம் பார்த்துத்தான். அச்சில் இருப்பதை யாரும் சந்தேகிப்பதில்லை. ஆனால் அந்த எண்களையும் ஒரு காலத்தில் மனிதர்கள்தானே உட்கார்ந்து கணக்கிட்டார்கள்?

நேப்பியர் லாகரிதத்தை வெளியிட்டது 1614ல். ஹாலந்தைச் சேர்ந்த விளாக் என்பவர் 1628ல் பத்து தசம இடங்கள் கொண்ட பெரிய அட்டவணையை அச்சிட்டார். பின்னால் வந்த அட்டவணைகள் பல அதை ஆதாரமாகக் கொண்டவையே. நடுக்கடலில் கப்பல் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பதற்கும் இப்படிப்பட்ட அட்டவணைகளே துணை. ஒரு இலக்கம் பிசகினால் கப்பல் பாறையில் மோதலாம்.

கம்ப்யூட்டரின் தந்தை எனப்படும் சார்லஸ் பாபேஜ் 1827ல் ஒரு விசித்திரத்தைச் சுட்டிக்காட்டினார். விளாக்கின் அட்டவணையில் இருந்த ஆறு தவறுகளை எடுத்துக்கொண்டு, பிறகு வந்த அட்டவணைகளில் அவை இருக்கின்றனவா என்று பார்த்தார். பலவற்றில் அதே இடத்தில் அதே தவறுகள் இருந்தன. லண்டன் ராயல் சொசைட்டியின் நூலகத்தில் சீன எழுத்தில் அச்சான ஓர் அட்டவணை இருந்தது. எங்கிருந்து எடுத்தது என்ற குறிப்பு அதில் கிடையாது. அதிலும் அந்த ஆறு தவறுகள்! பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியவன் அவன் செய்த தப்பையும் சேர்த்து எழுதி மாட்டிக்கொள்வான் அல்லவா, அதே கதைதான்.

இதில் ஒரு முக்கியமான பாடம் இருக்கிறது. பத்து அட்டவணைகள் ஒரே விடையைச் சொல்வதால் அந்த விடை பத்து மடங்கு நிச்சயமாகிவிடாது. பத்தும் ஒன்றைப் பார்த்து எழுதியவையானால் சாட்சி ஒன்றுதான். 1834ல் லார்ட்னர் என்பவர் பாபேஜின் யந்திரத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதைத் தெளிவாகச் சொன்னார்: ஒரே கணக்கைத் தனித்தனிக் கம்ப்யூட்டர்களிடம் கொடுக்க வேண்டும், அவர்கள் வெவ்வேறு முறைகளில் கணக்கிட்டால் இன்னும் உத்தமம். அன்று கம்ப்யூட்டர் என்றால் கணக்குப் போடும் மனிதர் என்று அர்த்தம்.

707 இலக்கங்கள்

இங்கிலாந்தில் வில்லியம் ஷாங்க்ஸ் என்ற பள்ளி ஆசிரியர் இருந்தார். பையின் மதிப்பைக் கையால் கணக்கிடுவது அவருக்கு வாழ்நாள் பித்து. 1873ல் 707 தசம இடங்களை வெளியிட்டார். எழுபது வருஷங்களுக்கு அதை யாரும் மிஞ்சவில்லை. 1937ல் பாரீஸ் நகரத்து விஞ்ஞான அரண்மனையில் ஒரு வட்டமான அறையின் சுவரில் அந்த இலக்கங்களைப் பெரிதாகப் பொறித்தும் வைத்தார்கள்.

இதற்கிடையில் ஒருவர் மட்டும் புருவத்தை உயர்த்தியிருந்தார். ஷாங்க்ஸ் முதலில் வெளியிட்ட 607 இலக்கங்களில் 7 என்ற எண் மற்றவற்றைவிட மிகக் குறைவாக வருகிறதே, இது என்ன விசித்திரம் என்று அகஸ்டஸ் டி மார்கன் எழுதினார். லாஜிக்கில் இன்றும் புரோகிராமர்கள் தினமும் உபயோகிக்கும் டி மார்கன் விதிகள் அவருடையவையே. அவர் பிறந்தது 1806ல், நம் மதுரையில்!

1944ல் ஃபெர்குஸன் என்ற ஆங்கிலேயர் பையைப் புதிதாகக் கணக்கிட ஆரம்பித்தார். ஷாங்க்ஸ் கையாண்டது மேச்சின் 1706ல் கண்ட சூத்திரம். ஃபெர்குஸன் வேண்டுமென்றே வேறு சூத்திரத்தை எடுத்துக்கொண்டார். 527 இலக்கங்கள் வரை இரண்டும் ஒன்றாகவே வந்தன. 528வது இலக்கத்தில் பிரிந்தன. தவறு ஷாங்க்ஸினுடையது. அதற்குப் பிறகு அவர் எழுதிய அத்தனை இலக்கங்களும் வீண். பாரீஸ் சுவரை 1949ல் திருத்தினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஷாங்க்ஸின் முதல் 440 இலக்கங்களை ரதர்ஃபோர்டு என்ற இன்னொருவர் தனியாகக் கணக்கிட்டு ஒத்துப் பார்த்திருந்தார். அந்தப் பகுதியில் பிசகே இல்லை. யாரும் ஒத்துப் பார்க்காத பகுதியில்தான் தவறு ஒளிந்திருந்தது. ஷாங்க்ஸ் 1882ல் காலமானார். தம் உழைப்பின் ஒரு பகுதி வீணானது அவருக்குத் தெரியவே தெரியாது.

ராமானுஜன் பெயரைச் சொல்லாமல் பையைப் பற்றி எழுதினால் நம் வாசகர்கள் மன்னிக்க மாட்டார்கள். அவர் 1914ல் வெளியிட்ட ஒரு சூத்திரத்தைக் கொண்டு 1985ல் அமெரிக்காவின் கோஸ்பர் ஒரு கோடியே எழுபத்தைந்து லட்சம் இலக்கங்களுக்கு மேல் கணக்கிட்டார். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சூத்திரம் சரி என்பதற்கு அப்போது முழுமையான நிரூபணம் கிடையாது. ஜப்பானில் கனாடா குழுவினர் முற்றிலும் வேறு முறையில் முன்பே கண்டிருந்த இலக்கங்களோடு ஒப்பிட்டார்கள். ஒத்துப்போயிற்று. கம்ப்யூட்டர் சரியாக வேலை செய்தது என்பதற்கும், ராமானுஜன் சொன்னது சரி என்பதற்கும் அந்த ஒரே ஒப்பீடு சாட்சியாயிற்று. நிரூபணத்தை 1987ல் போர்வைன் சகோதரர்கள் தந்தார்கள். சந்திக்கவே வாய்ப்பில்லாத இரண்டு பாதைகள் ஒரே வாசலில் வந்து நின்றால் அதுவே வலுவான சாட்சி.

ஒன்பதின் கண்ணுக்குத் தெரியாதது

நம் நாட்டிலும் இந்தக் கவலை பழையதுதான். விடையை ஒன்பதால் சரிபார்க்கும் முறையைப் பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டாம் ஆரியபட்டர் தமது மகாசித்தாந்தத்தில் சொல்லியிருக்கிறார். 46ஐ 57ஆல் பெருக்கினால் 2622. 46ன் இலக்கங்களைக் கூட்டினால் 10, அதைக் கூட்டினால் 1. 57க்கு 12, பிறகு 3. ஒன்றை மூன்றால் பெருக்கினால் 3. விடையான 2622ன் இலக்கங்கள் 12, அதாவது 3. சரி.

ஆனால் அவசரத்தில் 2262 என்று எழுதிவிட்டால்? அப்போதும் கூட்டல் 12தான். ஒன்பது விதி அதையும் சரி என்று விட்டுவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் அதன் கண்ணுக்குத் தெரியாது. பழைய கணக்குப்பிள்ளைகள் இந்தக் குறையையே உபாயமாக்கிக்கொண்டார்கள். பேரேட்டில் வித்தியாசம் வந்து, அது ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், எங்கேயோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றன என்று முதலில் சந்தேகிப்பார்கள். மேலே கண்ட இரண்டு எண்களின் வித்தியாசம் 360. ஒன்பதால் வகுத்தால் 40.

ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு குருட்டு இடம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டுதான் சோதனையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஹாலந்தைச் சேர்ந்த வெர்ஹோஃப் என்ற கணித நிபுணர் 1969ல் இதைத்தான் செய்தார். மனிதர்கள் எண்களை எழுதும்போது உண்மையில் என்னென்ன தவறுகள் செய்கிறார்கள் என்று முதலில் ஆராய்ந்தார். ஓர் இலக்கம் மாறுவது முதல் இடம். பக்கத்து இலக்கங்கள் இடம் மாறுவது அடுத்தது. சாதாரணக் கூட்டலில் மூன்றும் ஐந்தும் எட்டு, ஐந்தும் மூன்றும் எட்டு. வரிசை மாறினால் தெரியாது. வரிசை மாறினால் விடையும் மாறும் ஒரு கணக்கு அவருக்கு வேண்டியிருந்தது. அரிசியைக் களைந்து உலையில் போடுவதும், உலையில் போட்டுவிட்டுக் களைவதும் ஒன்றாகுமா? ஓர் ஐங்கோண அட்டையைச் சுழற்றியும் கவிழ்த்தும் அதே இடத்தில் பொருத்த மொத்தம் பத்து வழிகள் உண்டு. சுழற்றிக் கவிழ்ப்பதும், கவிழ்த்துச் சுழற்றுவதும் வேறு வேறு. பத்து இலக்கங்களுக்கு அந்தப் பத்து அசைவுகளை வைத்து, இலக்கம் நிற்கும் இடத்துக்கேற்ற ஒரு மாற்றத்தையும் சேர்த்து, கடைசியில் ஒரு சோதனை இலக்கத்தை அமைத்தார். மேற்சொன்ன இருவகைத் தவறுகளில் ஒன்றுகூட அதனிடமிருந்து தப்பாது.

இதெல்லாம் நமக்கெதற்கு என்று நினைக்க வேண்டாம். உங்கள் ஆதார் எண்ணின் பன்னிரண்டாவது இலக்கம் இந்த வெர்ஹோஃப் முறையில் வந்ததே. ஐங்கோணத்தின் விளையாட்டு நம் ஒவ்வொருவர் பர்ஸிலும் இருக்கிறது.

இரட்டையர் இருவரும் விழுந்த கதை

1996 ஜூன் 4 அன்று தென் அமெரிக்காவின் கூரூ தளத்திலிருந்து ஐரோப்பிய நாடுகளின் ஆரியன்-5 ராக்கெட் முதல்முறையாகக் கிளம்பியது. நாற்பது விநாடிகள்கூட ஆகவில்லை. திசை மாறிச் சிதறியது. அதிலிருந்த நான்கு விண்கலங்களும் போயின. கணித மேதை ழாக்-லூயி லியோன்ஸ் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. அந்த அறிக்கை வெளிப்படையாகக் கிடைக்கிறது. அரசாங்கத்தில் எத்தனையோ விசாரணை அறிக்கைகளைப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அவ்வளவு தெளிவான அறிக்கை அபூர்வம்.

ராக்கெட்டின் போக்கை அளக்கும் கருவியில் 64 பிட் கொண்ட ஓர் எண்ணை 16 பிட் இடத்தில் அடைக்கும் ஒரு கட்டளை இருந்தது. அந்த இடத்தில் 32767க்கு மேல் எழுத முடியாது. உழக்கில் மரக்கால் அரிசியைக் கொட்டினால் என்ன ஆகும்? பழைய ஆரியன்-4ல் அந்த எண் அவ்வளவு பெரிதாக வரவே வராது. புதிய ராக்கெட்டின் வேகம் அதிகம், வந்துவிட்டது. கருவி நின்றுபோயிற்று.

ஒன்று நின்றால் இன்னொன்று இருக்கட்டும் என்று மாற்றுக் கருவியையும் வைத்துத்தான் இருந்தார்கள். ஆனால் இரண்டிலும் ஒரே புரோகிராம். மாற்றுக் கருவி விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் முன்னதாகவே, அதே காரணத்தால் நின்றிருந்தது. சீன அட்டவணையை நினைத்துக்கொள்ளுங்கள். பிரதி எடுப்பது வேறு, சரிபார்ப்பது வேறு. இயந்திரத்தின் பாகம் தேய்ந்து கெட்டால் உதிரிப் பாகம் உதவும். எண்ணத்தில் பிசகு இருந்தால் உதிரியிலும் அதே பிசகுதான்.

அப்படியானால் வெவ்வேறு ஆட்களிடம் கொடுத்து எழுதச் சொன்னால் போதுமா? ஜான் நைட், நான்சி லெவ்சன் என்ற இரு அமெரிக்கப் பேராசிரியர்கள் இதையே பரிசோதித்து 1986ல் வெளியிட்டார்கள். இரண்டு பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் ஒரே தேவைக்கு, ஒருவரையொருவர் பார்க்காமல், 27 புரோகிராம்கள் எழுதினார்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து லட்சம் சோதனைகள். தனித்தனியே பார்த்தால் பெரும்பாலும் நல்ல புரோகிராம்களே. ஆனால் ஒன்று தவறிய இடத்தில் இன்னொன்றும் தவறுவது, தற்செயல் என்று சொல்லக்கூடிய அளவைவிட மிக அதிகமாக இருந்தது. கஷ்டமான இடம் எல்லோருக்கும் கஷ்டமான இடம்தான்.

எனக்கு இதைப் படித்தபோது ஆச்சரியம் ஏற்படவில்லை. நான் உத்தியோகம் பார்த்த இலாகாவில் 1970களில் புள்ளிவிவரங்களை அட்டைகளில் துளையிட்டுப் பதிவார்கள். ஒருவர் பஞ்ச் செய்ததை இன்னொருவர் வெரிஃபையர் இயந்திரத்தில் அதே படிவத்தைப் பார்த்து மறுபடி அடிப்பார். வித்தியாசம் வந்தால் இயந்திரம் நின்றுவிடும். அருமையான ஏற்பாடு. ஆனால் படிவத்தை நிரப்பியவர் ஒன்றை ஏழு மாதிரி எழுதியிருந்தால் இருவருமே ஏழு என்றுதான் அடிப்பார்கள். அதைப் பிடித்தது இயந்திரமல்ல. கூட்டுத்தொகையைக் கிராமவாரியாகவும் தாலுகாவாரியாகவும் தனித்தனியே போட்டு, போன வருஷத்து எண்ணோடு ஒத்துப் பார்த்த செக்‌ஷன் குமாஸ்தாக்கள்தான். அவர்கள் வந்தது வேறு வழி.

ஒரு பேராசிரியரின் பிடிவாதம்

வேறு வழியில் வருவதன் பலனைக் காட்ட 1994ல் நடந்த ஒரு நிகழ்ச்சியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

11ம் 13ம், 17ம் 19ம் போல இரண்டு வித்தியாசத்தில் வரும் பகா எண்களை இரட்டைப் பகா எண்கள் என்பார்கள். இவை முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்குமா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லா இரட்டையரின் தலைகீழ் மதிப்புகளையும், அதாவது மூன்றில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்று, கூட்டிக்கொண்டே போனால் ஒரு வரம்பைத் தாண்டாது என்று நார்வேயின் விகோ புரூன் 1919ல் நிரூபித்தார். அந்த வரம்பு சுமார் 1.9. அதைத் துல்லியமாகக் காண அமெரிக்காவில் லிஞ்ச்பர்க் கல்லூரியின் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி 1993 முதல் பல கம்ப்யூட்டர்களை ஓட்டிக்கொண்டிருந்தார். அன்றாட வாழ்க்கைக்குப் பைசா பிரயோஜனமில்லாத கணக்கு என்று யாரும் சொல்லலாம்.

1994 மார்ச்சில் புதிய பென்டியம் கம்ப்யூட்டர் ஒன்றைச் சேர்த்தார். சில மாதங்களில் கணக்கு உதைத்தது. நைஸ்லி முதலில் தம் புரோகிராமைச் சந்தேகித்தார். பிறகு அதை மொழிபெயர்க்கும் கம்பைலரை. பிறகு மதர்போர்டை. ஒவ்வொன்றாக மாற்றி விலக்கி, அக்டோபரில் கடைசியாக மிஞ்சியது இன்டெல் கம்பெனியின் சிப் ஒன்றே. 824633702441, 824633702443 என்ற இரட்டையருக்குத் தலைகீழ் கண்டபோது பத்தாவது இலக்கத்துக்கு அப்பால் பென்டியம் தவறாகச் சொன்னது. பழைய 486 சிப் சரியாகச் சொன்னது. வகுத்தலுக்காகச் சிப்பினுள் பதித்த அட்டவணையில் ஐந்து இடங்கள் காலியாக இருந்தன என்று பின்னர் இன்டெல் விளக்கியது. மறுபடியும் அட்டவணை! பாபேஜ் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

சாதாரண உபயோகத்தில் இந்தத் தவறு 27,000 வருஷங்களுக்கு ஒரு தடவைதான் வரும் என்றது இன்டெல். 24 நாட்களுக்கு ஒரு தடவை வரலாம் என்றது ஐ.பி.எம். அனுமானங்கள் வேறானால் விடையும் வேறு. டிசம்பர் 20 அன்று, கேட்டவர்களுக்கெல்லாம் சிப்பை மாற்றித் தர இன்டெல் ஒப்புக்கொண்டது. செலவாக அது எழுதிக்கொண்ட தொகை 47 கோடியே 50 லட்சம் டாலர். இதற்குப் பின் சிப் தயாரிப்பாளர்கள் வகுத்தல் போன்ற சுற்றுகளைக் கணித நிரூபண முறையிலேயே சரிபார்ப்பதில் அதிகக் கவனம் செலுத்தத் தொடங்கினார்கள்.

ஆனால் நைஸ்லியிடம் நான் வியப்பது அவர் கண்டுபிடித்ததை அல்ல, சந்தேகித்த வரிசையை. முதல் சந்தேகம் தம்மீது. கடைசிச் சந்தேகம் உலகமே நம்பிய சிப்பின்மீது. நடுவில் ஒரு படியைக்கூடத் தாண்டவில்லை.

இன்று ஏன் இது முக்கியம்

இப்போது செயற்கை நுண்ணறிவே புரோகிராம் எழுதித் தருகிறது. பேரப்பிள்ளைகள் காட்டினார்கள், பார்க்கப் பிரமிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அது எழுதியதைச் சோதிக்கும் சோதனைகளையும் அதையே எழுதச் சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சீன அட்டவணைதான் ஞாபகம் வந்தது. தேவையைத் தவறாகப் புரிந்துகொண்டு எழுதிய புரோகிராமுக்கு, அதே தவறான புரிதலில் எழுந்த சோதனை நூற்றுக்கு நூறு மார்க் போடும். ஆறு தவறுகளும் அதே இடத்தில் பத்திரமாக இருக்கும்.

பாங்க் கணக்கும், ரயில் சிக்னலும், ஆஸ்பத்திரி மருந்தளவும் புரோகிராமை நம்பி நடக்கும் காலம் இது. விடையைத் தோராயமாகவாவது மனக்கணக்கில் முன்கூட்டியே போட்டு வைத்துக்கொள்வது, ஒரே விடைக்கு வேறு முறையில் வந்து பார்ப்பது, கூட்டுத்தொகையை வெளியிலிருந்து கிடைத்த எண்ணோடு பொருத்துவது, பழைய புரோகிராமைப் புதிய இடத்தில் வைக்குமுன் அங்கே என்ன எண்கள் வரும் என்று கேட்பது, இந்த நாலும் பழைய குமாஸ்தாக்களுக்குத் தெரிந்த வித்தைகளே. கருவிகள் மாறியிருக்கின்றன, வித்தை மாறவில்லை.

ஆகவே அங்கத்தினர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பிள்ளை டெஸ்டிங்கில் இருந்தால் குரலைத் தாழ்த்தாமல் சொல்லுங்கள். ஷாங்க்ஸின் 528வது இலக்கத்துக்கு முன்னால் போய் நிற்க ஒருவர் வேண்டும். அந்த வேலைக்கு எழுதுபவரைவிடக் குறைந்த மூளை போதும் என்று சரித்திரம் எங்கேயும் சொல்லவில்லை.